சந்தனம்மாளின் முப்பதாம் தேதி

திருச்சுழியில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, ஓடு வேய்ந்த ஒரு வாடகைக் கட்டடத்தில் கிளை நூலகம் இருந்தது. அதன் வாசல் சுவரில் ஒரு கரும்பலகை. 1984ஆம் ஆண்டு தொடங்கி ஒவ்வொரு நாள் காலையிலும் எட்டு மணிக்கு அந்தப் பலகையை ஈரத்துணியால் துடைத்து, 'இந்நாளில்' என்று மேலே எழுதி, கீழே அந்தத் தேதியில் உலகத்தில் யார் பிறந்தார், யார் மறைந்தார், என்ன நடந்தது என்று வரிசையாக எழுதியவள் சந்தனம்மாள்.

அவளுடைய வேலை அதுவல்ல. அவள் நூலகத்தைக் கூட்டிப் பெருக்கவும் குடத்தில் தண்ணீர் எடுத்து வைக்கவும் வந்தவள். எட்டாம் வகுப்புவரை படித்திருந்தாள். ஒருநாள் நூலகர் ஜேசுராஜ் ஒரு பழைய பதிவேட்டில் அவள் போட்டிருந்த கையெழுத்தைப் பார்த்துவிட்டு, சாக்குக் கட்டியை அவள் கையில் கொடுத்தார்.

"இனிமே போர்டு ஒங்க வேல சந்தனம்மா. என் எழுத்த எனக்கே வாசிக்க முடியல."

ஜேசுராஜ் பத்திரிகைகளிலிருந்தும் பெரிய பெரிய புத்தகங்களிலிருந்தும் சேகரித்து, தேதிக்கு ஒரு தாளாக முந்நூற்று அறுபத்தாறு தாள்களை ஒரு கோப்பில் கட்டி வைத்திருந்தார். அன்றைய தாளை உருவி, பார்த்து எழுதினால் போதும். எழுதி முடித்து இரண்டடி பின்னால் நகர்ந்து நின்று அவள் ஒருமுறை வாசிப்பாள். அந்த ஒரு நிமிடம்தான் அவளுடைய நாளில் அவளுக்குப் பிடித்த நிமிடம். மற்ற நேரமெல்லாம் அவள் பேசுவதற்கு ஆளில்லை. பெற்றவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தம்பி திருப்பூருக்குப் பிழைக்கப் போய் அங்கேயே தங்கிவிட்டான். ஒற்றை அறை வீட்டில் ஒரு அடுப்பு, ஒரு பாய், சுவரில் ஒரு தினசரி காலண்டர்.

அந்த ஊருக்கு வருடத்தில் பெருமையான தேதி ஒன்று உண்டு. டிசம்பர் முப்பது. ரமண மகரிஷி அந்த ஊரில் பிறந்த நாள். முதல் வருடம் அவள் அதைக் கொட்டை எழுத்தில் எழுதிவிட்டு நிமிர்ந்தபோது, கோயில் வாசலில் தேங்காய், பழம் விற்கும் மொக்கையன் கூடையைத் தலையில் வைத்தபடியே நின்று வாசித்தார்.

"ஏத்தா, ஒரு நாளத் தள்ளி எழுதிட்ட. அவுக திருவாதிரை ராத்திரி பொறந்தவுகன்னு எங்க ஐயா சொல்லுவாக. சாமி ஊர்வலம் சுத்தி கோயிலுக்குள்ள போன நேரமாம். அப்ப முந்துன நாளுதான?"

"ராத்திரி ஒரு மணிக்குண்ணே. பன்னெண்டு தாண்டிட்டா இங்கிலீஷ் தேதி மாறிரும்ல. சார் புஸ்தகம் பாத்துத்தான் எழுதி வச்சிருக்காக."

"பொழுது விடியாம எப்படித்தா நாளு மாறும்? ஒன் வீட்டுக் காலண்டர ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சா கிழிக்கிற?"

சந்தனம்மாள் சிரித்துவிட்டாள். "அதெப்படிண்ணே, விடிஞ்சப்புறந்தான் கிழிப்பேன்."

"அதத்தான் நானும் சொல்றேன்" என்று கூடையைச் சரிசெய்துகொண்டு அவர் நடந்தார்.

அந்தச் சிரிப்பு அவள் முகத்தில் அதிக நேரம் நிற்கவில்லை. ஊருக்குத்தான் அது பெருமையான நாள். அவளுக்கு அது வேறு நாள்.

அவளைக் கட்டிக்கொடுத்தது அருப்புக்கோட்டையில். புருஷன் பூமிநாதன் ஒரு நூல் மில்லில் ஷிப்டு வேலைக்காரன். அதிகம் பேசாதவன், சம்பள நாளில் மட்டும் மல்லிகைப்பூவோடு வருகிறவன். கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து, 1979 டிசம்பர் மாதக் கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அவளுக்கு வலி கண்டது. அவன் நைட் ஷிப்டில் இருந்தான். நடுச்சாமம் தாண்டி ரெண்டு மணி வாக்கில் வீட்டிலேயே பெண் குழந்தை பிறந்தது. அழுகை மெலிவாக இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிளில் மில்லுக்கு ஓடினார். பூமிநாதன் பஞ்சு ஒட்டிய தலையோடு வந்து சேர்ந்தான். பிள்ளையைக் கையில் வாங்கினான். இறந்துபோன தன் தாயின் பெயரை அதன் காதருகே மெதுவாகச் சொன்னான்.

"முருகேஸ்வரி."

மருத்துவச்சி வெந்நீர் எடுக்க வெளியே போயிருந்தாள். அந்தப் பெயரைக் கேட்டவர்கள் உலகத்தில் இரண்டே பேர். சொன்னவன் ஒருவன், பாயில் கிடந்த தாய் ஒருத்தி. விடிவதற்கு முன்பே அந்தச் சின்ன மூச்சு அடங்கிவிட்டது. சந்தனம்மாள் அழக்கூடத் தெம்பில்லாமல் எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். சுவரில் காலண்டர். சிவப்பு எழுத்தில் முப்பது. கீழே, ஞாயிறு. அந்தச் சிவப்பு அவள் கண்ணுக்குள் போய் ஒட்டிக்கொண்டது. பொழுது விடிந்ததும் பிள்ளையை ஓடைக்கரைக்குக் கொண்டுபோனார்கள். ஊர்க்காரர்கள் அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையைப் பற்றிப் பேசவில்லை. சில மணி நேரம் இருந்துவிட்டுப் போன பிள்ளைக்கு யார் திதி கொடுக்கிறார்கள்?

புருஷனும் பெண்சாதியும்கூடப் பேசிக்கொள்ளவில்லை. பேசினால் மற்றவர் உடைந்துவிடுவார் என்று ஒவ்வொருவரும் பயந்தார்கள்.

அடுத்த வருடம் டிசம்பர் முப்பது வந்தது. சந்தனம்மாள் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காமல் இருந்தாள். ஒரு வார்த்தை, அவன் வாயிலிருந்து ஒரே ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தாள். வீரசோழன் ஊர்க்காரரான மில் சிநேகிதர் வீட்டில் அன்று கல்யாணம். பூமிநாதன் சாயங்காலம் சிரித்த முகத்தோடு வந்தான். கையில் வாழை இலையில் கட்டிய பிரியாணி.

"சூடு ஆறல, சாப்பிடு. என்னா மணம்னு பாரு."

அவள் அந்தப் பொட்டலத்தை வாங்கவில்லை. ஏன் என்றும் சொல்லவில்லை. மறுநாள் விடியற்காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்துத் திருச்சுழிக்கு, பெற்றவர்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அவன் ஆள் அனுப்பினான். "வரல" என்று மட்டும் சொல்லி அனுப்பினாள். பெற்ற பிள்ளையின் நாளில் பிரியாணி தின்றுவிட்டு வந்தவனோடு எப்படி வாழ்வது என்பதைத் தாயிடம்கூடச் சொல்லவில்லை. இரண்டு வருடம் கழித்து அவனுடைய வீட்டார் அவனுக்கு வேறு பெண் பார்த்துக் கட்டி வைத்தார்கள் என்று கேள்விப்பட்டாள். ஒரு மகன் பிறந்தான் என்றும் கேள்விப்பட்டாள்.

அதன் பிறகு அந்தப் பெயரை நினைவில் வைத்திருப்பவள் தான் ஒருத்திதான் என்று அவள் நம்பினாள். தான் கண்ணை மூடிவிட்டால் முருகேஸ்வரி என்றொரு பிள்ளை இந்த மண்ணில் பிறக்கவே இல்லை என்றாகிவிடும். 

1991ஆம் வருடம். ஜேசுராஜ் வழக்கம்போல் கிறிஸ்துமஸுக்குப் பாளையங்கோட்டையில் மாமனார் வீட்டுக்குப் போயிருந்தார். ஜனவரி இரண்டுவரை வரமாட்டார். சாவி அவளிடம் இருந்தது; நூலகம் மூடியிருந்தாலும் பலகை எழுதாமல் இருக்கக் கூடாது என்பது அவர் வைத்த சட்டம். முப்பதாம் தேதி காலையில் சந்தனம்மாள் எழுதினாள். மகரிஷி பிறந்தது. 1922இல் சோவியத் யூனியன் அமைந்தது. 1943இல் போர்ட் பிளேரில் நேதாஜி கொடியேற்றியது. 1971இல் விஞ்ஞானி விக்ரம் சாராபாய் மறைந்தது.

எதிர் டீக்கடையிலிருந்து சங்கையா குரல் கொடுத்தார்.

"யக்கா, அந்த ரஷ்யா நாடே போன வாரத்தோட இல்லாமப் போச்சாம். பேப்பர்ல போட்டிருக்கான். நீ என்னமோ இன்னும் பொறந்தநாள் எழுதிக்கிட்டு இருக்க."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சந்தனம்மாள் சிரிக்கவில்லை. இல்லாமல் போனதற்கும் பிறந்தநாள் உண்டு. பலகையில் இடமும் உண்டு. அப்படியானால்?

அவள் கை தானாக உயர்ந்தது. விக்ரம் சாராபாய்க்குக் கீழே, அதே அளவு எழுத்தில், கோணாமல் எழுதினாள்.

'1979: முருகேஸ்வரி மறைந்தார்.'

பலகையில் எல்லோருக்கும் 'ஆர்'தான். நேதாஜிக்கும் அதே, அவள் பிள்ளைக்கும் அதே. இரண்டடி பின்னால் நகர்ந்து வாசித்தாள். பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு அந்தப் பெயரை அவள் கண்ணால் பார்த்தாள். உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டாள். வெளியே டீக்கடைப் பேச்சு கேட்டது.

"யாருப்பா இந்த முருகேஸ்வரி?"

"தெரியாதா? வெள்ளக்காரன் காலத்துல ஜெயிலுக்குப் போனவுக. மதுரப் பக்கம்."

"ஏலே, அவுக வேற. இது நாடகத்துல பாடுனவுக. எங்கப்பா மல்லாங்கிணத்துல பாத்திருக்காரு. என்னா கொரலுங்கிற."

"நல்ல மனுசி" என்றார் சங்கையா. அவருக்கும் தெரியாது. தெரியாது என்று சொல்ல அந்தக் கடையில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

சந்தனம்மாள் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. நல்ல மனுஷியாம், நல்ல குரலாம். ஒரு நாள் முழுக்க அவள் மகள் பெரிய மனுஷியாக வாழ்ந்தாள்.

மறுநாள் முப்பத்தொன்று. காலை எட்டு மணிக்கு ஈரத்துணியும் கையுமாக வந்தவளால் பலகையைத் தொட முடியவில்லை. துடைத்தால் பிள்ளையை மறுபடியும் ஓடைக்கரைக்குக் கொண்டுபோவது போலாகும். எட்டரை ஆயிற்று. ஒன்பது ஆயிற்று. ஏழு வருடத்தில் முதல்முறையாக நேற்றைய பலகை இன்றைக்கும் நின்றது. அவள் கதவுக்குப் பின்னால், துணியைப் பிழிந்து பிழிந்து தரையை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அருப்புக்கோட்டை பஸ் வந்து நின்றது. கிளம்பியது. கிளம்பிய பஸ்ஸை யாரோ தட்டி நிறுத்தும் சத்தம் கேட்டது.

"யோவ், ஆத்துப் பாலத்துக்குத்தான டிக்கெட் எடுத்த?" என்று கண்டக்டர் திட்டுவது கேட்டது. பிறகு செருப்புச் சத்தம் நெருங்கி வந்து பலகையின் முன்னால் நின்றது.

"நாளு தப்பா எழுதியிருக்கு" என்றது ஒரு குரல்.

சந்தனம்மாளுக்கு அந்தக் குரல் தெரிந்தது. எழுந்து வாசலுக்கு வந்தாள். பூமிநாதன் நின்றான். காதோரம் நரைத்திருந்தது. கையில் ஒரு மஞ்சள் பை. அவன் அவளைப் பார்க்கவில்லை, பலகையைத்தான் பார்த்தான்.

"முப்பது இல்ல. முப்பத்தொண்ணு."

"எனக்கா தெரியாது?" என்றாள் அவள். பதினொரு வருடக் கோபத்தில் குரல் உயர்ந்தது. "நான் கெடந்தது காலண்டருக்கு நேரா. முப்பதுன்னு செவப்புல இருந்துச்சு. ஞாயித்துக்கிழம."

"விடியாம யாரு காலண்டரக் கிழிப்பா?" என்றான் பூமிநாதன். குரலை உயர்த்தவே இல்லை. "எங்களுக்கு மில்லுல பன்னெண்டு மணி அடிச்சா தேதி மாறிரும். அன்னைக்கு என்னைய வெளிய விடுறப்ப வாட்ச்மேன் நோட்டுல எழுதிக் கையெழுத்து வாங்குனான். முப்பத்தொண்ணு, பன்னெண்டு, எழுபத்தொம்பது. மணி ரெண்டு இருபது. அந்த எழுத்து இன்னமும் என் கண்ணுல நிக்குது."

கையிலிருந்த துணி கீழே விழுந்தது. மகரிஷிக்குப் போட்ட கணக்கு, மொக்கையனுக்குச் சிரித்துக்கொண்டே அவள் சொல்லிக்கொடுத்த கணக்கு, தன் பிள்ளைக்கு மட்டும் ஏன் தோன்றாமல் போயிற்று?

"அந்தப் பிரியாணி..." என்றாள்.

"மறுநாளுதான நம்ம நாளு. முந்துன நாளு ராத்திரியே அத நெனச்சு நீ சாப்பிடாமக் கெடந்துரக் கூடாதுன்னுதான் கொண்டாந்தேன். மறுநாளு லீவு சொல்லியிருந்தேன். ஒன்னையக் கூட்டிக்கிட்டு ஓடைக்கரைக்குப் போகணும்னு இதையும் வாங்கி வச்சிருந்தேன்." பைக்குள் கையை விட்டு ஒரு கிலுகிலுப்பையை எடுத்தான். நிறம் மங்கிய பிளாஸ்டிக். "விடிஞ்சு பாத்தா நீ இல்ல. அந்த நாளு நெனப்பே இல்லாமப் பெறந்த வீட்டுக்குப் போயிட்டாளேன்னு..."



"வருசா வருசம் இன்னைக்குத்தான் வருவேன். அங்க ஓடைக்கரையெல்லாம் வீடாயிருச்சு. அதான் இங்க குண்டாத்து மணல்ல சூடம் பொருத்தி, இந்தக் கிலுகிலுப்பையக் கொஞ்ச நேரம் வச்சிருந்துட்டு எடுத்துட்டுப் போவேன். பஸ்ஸுல இருந்து பாத்தா போர்டுல எதையெதையோ எழுதிட்டு நீ வாசலக் கூட்டிக்கிட்டு இருப்ப. இவளுக்கு மறந்தே போச்சுன்னு நெனப்பேன்."

பன்னிரண்டு வருடம். பெற்றவள் ஒரு தேதியில் அழுதாள், பெற்றவன் மறு தேதியில் அழுதான். இடையில் ஒரு காலண்டர் தாள். அந்தத் தாளின் இரண்டு பக்கத்திலும் இரண்டு பேர் உட்கார்ந்து, மற்றவர் மறந்துவிட்டார் என்று மனம் வெந்திருந்தார்கள். அந்தக் கொடுமையை யாரிடம் போய்ச் சொல்ல?

பூமிநாதன் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டான். "ஆத்துக்கு வாரியா?"

டீக்கடையில் எல்லோரும் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அருப்புக்கோட்டையில் அவனுக்கு ஒரு பெண்சாதி, பள்ளிக்கூடம் போகும் பையன். சந்தனம்மாள் தலை குனிந்தாள்.

"நீங்க போயிட்டு வாங்க. எனக்குப் போர்டு எழுதணும்."

அவன் தலையாட்டிவிட்டு நடந்தான். அவள் பலகையில் எல்லா வரிகளையும் துடைத்தாள், கடைசி வரியைத் தவிர. மேலே தேதியை முப்பத்தொன்று என்று மாற்றினாள். 1600இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இங்கிலாந்து ராணி சாசனம் கொடுத்ததை எழுதினாள். அதற்குக் கீழே அவள் மகள் சரியான நாளில் இருந்தாள்.

ஜேசுராஜ் திரும்பி வந்து கோப்பைப் புரட்டியபோது டிசம்பர் முப்பத்தொன்றாம் தாளின் அடியில் அவள் கையெழுத்தில் ஒரு வரி கண்டார்.

"இது யாரும்மா? நான் எழுதலையே."

"என் மக சார்."

அவர் பேனாவின் மூடியைக் கழற்றினார். பிறகு, பென்சிலில் இருந்த அந்த வரியின் மேல் தன் பேனாவால் கிறுக்கலான எழுத்தில் மறுபடியும் எழுதி, தாளைக் கோப்பில் கட்டினார். இரண்டு வருடம் கழித்து மாற்றலாகிப் போகும்போது புதிய நூலகரிடம், "இந்தத் தாள்கள்ல ஒரு வரியும் குறையக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பூமிநாதன் ஒவ்வொரு டிசம்பர் முப்பத்தொன்றும் வந்தான். பலகை முன்னால் நின்று வாசிப்பான். சங்கையா கடையில் ஒரு டீ குடிப்பான். "ஆத்துக்கு வாரியா?" என்று ஒருமுறை கேட்பான். "நீங்க போயிட்டு வாங்க" என்பாள் அவள். அவ்வளவுதான் அவர்கள் பேச்சு. அவன் பஸ் ஏறிப் போன பிறகு சாயங்காலம் அவள் ஒற்றையாய் ஆற்றுக்குப் போய், மணலில் கருகிக் கிடக்கும் சூடத் தடத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவாள். அந்த ஒரு நாளுக்காக அவள் காலண்டரில் மற்ற நாட்களின் தாள்களைக் கிழித்தாள்.

1996இல் அவன் கேட்டுவிட்டுத் திரும்பியபோது, அவன் முதுகு கூனியிருப்பதைப் பார்த்தாள். அடுத்த வருடம் 'வாரேன்' என்று சொல்லிவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தாள். ஊர் என்ன சொன்னால் என்ன? தனக்கு ஐம்பது வயதாகப் போகிறது.

அடுத்த வருடம் அந்த நாள் வந்தது. சந்தனம்மாள் சலவைச் சேலை கட்டியிருந்தாள். ஒரு சீப்பு வாழைப்பழமும் சூடமும் பையில் வைத்திருந்தாள். ஒன்பது மணி பஸ் வந்தது. பத்து மணி பஸ் வந்தது. பன்னிரண்டு மணி பஸ்ஸில் கண்டக்டர் ஆஸ்டின் வந்தான். அருப்புக்கோட்டைப் பையன், அந்தத் தடத்தில் ஆறு வருடமாக ஓடுகிறவன். அவள் அவனிடம் போய்க் கேட்டாள்.

"யாரு, மில்லு பூமிநாதன் அண்ணாச்சியா? அவுக ஆகஸ்டு மாசமே தவறிட்டாகளேக்கா. நெஞ்சுவலி. ஒங்களுக்குச் சொல்லி விடலயா?"

அவளுக்கு யார் சொல்லி விடுவார்கள்? எந்த உறவென்று சொல்லி விடுவார்கள்?

"என்னைக்கு?" என்றாள்.

"பத்தாம் தேதி. போஸ்டர்ல போட்டிருந்தாக. ஞாயித்துக்கிழம ராத்திரி."

"எத்தன மணிக்கு?"

ஆஸ்டின் அவளை விநோதமாகப் பார்த்தான். "அது எதுக்குக்கா இப்ப? ரெண்டு, ரெண்டரை இருக்கும்னு சொன்னாக. விடியல."

"சரிப்பா" என்றாள் அவள். பஸ் போயிற்று. நெற்றிப் பொட்டை அழிக்க வேண்டுமா என்று கேட்கவும் அவளுக்கு ஆளில்லை. பையை எடுத்துக்கொண்டு ஆற்றுக்கு நடந்தாள். அந்த வருடம் மணலில் சூடம் பொருத்தியது அவள் கை. கிலுகிலுப்பை எங்கே போயிற்றோ தெரியவில்லை. மங்கிய அந்தப் பிளாஸ்டிக்கை அவன் வீட்டில் யாராவது குப்பையில் எறிந்திருப்பார்கள்.

ஒருவருடைய நாளை எழுத அது திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டும். ஏழு மாதம் காத்திருந்தாள்.

1998 ஆகஸ்டு பதினொன்று காலையில் பலகையில் குதிராம் போஸ் தூக்கிலிடப்பட்டதற்குக் கீழே புதிதாக ஒரு வரி இருந்தது. '1997: பூமிநாதன் மறைந்தார்.' டீக்கடையில் ஒருவர், "மில்லு யூனியன்ல பெரிய ஆளு" என்றார். இன்னொருவர் ஆமாம் என்றார்.

அதற்கு முந்தைய ராத்திரி நடந்தது அவர்களுக்குத் தெரியாது. சந்தனம்மாள் விளக்கை அணைக்காமல் பாயில் உட்கார்ந்திருந்தாள். எதிர்ச் சுவரில் பத்தாம் தேதி தொங்கியது. கடிகாரத்தில் பன்னிரண்டு தாண்டியது, ஒன்று தாண்டியது. மணி இரண்டுக்கு எழுந்தாள். வெளியே நல்ல இருட்டு. எந்த வீட்டிலும் யாரும் செய்யாத காரியத்தை அவள் செய்தாள். பொழுது விடியுமுன்னே காலண்டர் தாளைக் கிழித்தாள்.

பதினொன்று தெரிந்தது. கிழித்த தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, விடியும்வரை அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.